முதல் வகை சர்க்கரை நோய்: பெற்றோர் கேள்விகளுக்கு ஒரு அம்மாவின் பதில்கள்

என் மகளுக்கு 4 வயதில் முதல் வகை சர்க்கரை நோய் வந்தது. இப்போது அவளுக்கு 19. இத்தனை வருடம் வீட்டுக்குள் பட்டது, கற்றது எல்லாம் சொல்கிறேன். மருந்தளவு மட்டும் உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: 7 வயது மகனுக்குப் போன மாதம்தான் தெரிந்தது. நான் இனிப்பு கொடுத்துக் கெடுத்துவிட்டேன் என்கிறார்கள். தூக்கமே வரவில்லை.

பதில்: இனிப்பால் இது வராது. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிப்பதால் வருகிறது. அறிகுறி தெரிவதற்கு மாதங்கள், சிலருக்கு வருடங்கள் முன்பே அது தொடங்கியிருக்கும். உங்கள் கையில் எதுவும் இருக்கவில்லை. அப்படிச் சொல்பவர்களை அடுத்த முறை மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அவர் வாயால் கேட்கட்டும்.

கேள்வி: இன்சுலின் தேவை பாதியாகக் குறைந்துவிட்டது. குணமாகிறதா? இயற்கை மருந்துக்கு மாறலாமா?

பதில்: குணமாகவில்லை. இதற்குத் 'தேனிலவுக் காலம்' என்று பெயர். சிகிச்சை தொடங்கியதும் மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்ச காலம் தெம்பாக வேலை செய்யும், அப்புறம் ஓய்ந்துவிடும். இன்சுலினை நிறுத்தாதீர்கள். நின்றால் ரத்தத்தில் கீட்டோன் (உடல் கொழுப்பை எரிக்கும்போது சேரும் அமிலம்) ஏறி, ஓரிரு நாளிலேயே உயிருக்கு ஆபத்தாகலாம்.

கேள்வி: 13 வயது மகள் சுகர் பார்க்காமலே நோட்டில் நம்பர் எழுதுகிறாள். கையும் களவுமாகப் பிடித்தேன். என்ன தண்டனை கொடுக்கலாம்?

பதில்: தண்டனை வேண்டாம். என் மகளும் 12 வயதில் இதைத்தான் செய்தாள். ஒரு வாரத்து நம்பரும் ஒரே மையில், ஒரே சாய்வில் இருந்தன. நான் கத்தினேன். ரொம்ப நாள் கழித்துத்தான் சொன்னாள்: "நம்பரைப் பார்த்ததும் உன் முகம் மாறும்மா. அதுக்குப் பயந்துதான்."

அன்றிலிருந்து, பள்ளி விட்டு வந்ததும் அரை மணி நேரம் சுகர் பேச்சையே எடுப்பதில்லை. 'நல்ல நம்பர்', 'கெட்ட நம்பர்' என்பதையும் விட்டோம். 'கூட', 'குறைய' என்று மட்டும் சொன்னோம். இன்னொன்று, பருவ வயதில் ஹார்மோன்களால் இன்சுலின் சரியாக வேலை செய்யாது. எல்லாம் ஒழுங்காகச் செய்தாலும் சில நேரம் சுகர் 250 என்று கூடுதலாகக் காட்டும். அதற்கும் திட்டு விழுந்தால் பிள்ளை எதற்கு உண்மை சொல்லும்?

இடையில் ஓர் அப்பா: 13 வயதில் பொறுப்பு வர வேண்டாமா? இப்படிச் செல்லம் கொடுத்தால் நாளைக்கு யார் பார்ப்பது?

இன்னொருவர்: எனக்கு இப்போது 28 வயது, 10 வயதில் வந்தது. அப்பா திட்டுவார் என்று நானும் பொய் நம்பர் எழுதினேன். கடைசியில் ஐசியூவில் கிடந்தேன்.

அந்த அப்பா: என் கண்டிப்பால்தான் என் பையன் நன்றாக இருக்கிறான்.

பதில்: ஐயா, உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பொறுப்பு ஒரே நாளில் கைமாறுவதில்லை. வயது வந்துவிட்டது என்று முழுசாகப் பிள்ளையிடம் விட்டால், விட்டுப்போகும் ஊசிகள்தான் கூடும். என் மகள் சலித்துப்போனபோது 3 மாதம் ஊசி, கணக்கு எல்லாம் நானே வாங்கிக்கொண்டேன். அப்புறம் காலை ஊசியை அவளே கேட்டு எடுத்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது செல்லம் ஆகாது. உடம்பு இளைக்க வேண்டும் என்று வேண்டுமென்றே ஊசியை விடுகிறாள் என்ற சந்தேகம் வந்தால் மட்டும் காத்திருக்காதீர்கள். உடனே மருத்துவரிடமும் மனநல ஆலோசகரிடமும் போங்கள்.

கேள்வி: சுகர் ரொம்பக் குறைந்து 'லோ' ஆகிவிடுமோ என்று ராத்திரி மூன்று தடவை எழுகிறேன். கணவர் எழுவதில்லை.

பதில்: முறை வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கும் ஊசி போட, லோவைக் கையாளச் சொல்லிக்கொடுங்கள்: 70-க்குக் கீழே போனால் பொதுவாக 15 கிராம் குளுக்கோஸ், 15 நிமிடம் கழித்து மறுபடி சோதனை. சின்னக் குழந்தை என்றால் அளவை மருத்துவரிடம் கேளுங்கள். நினைவு தப்பினால் வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. முடிந்தால், சுகரைத் தொடர்ந்து பார்த்து, குறைந்தால் அலாரம் அடிக்கும் சென்சார் போடுங்கள்.

கேள்வி: ஒரு கஷாயத்தில் இன்சுலினையே நிறுத்தலாமாமே?

பதில்: மேலே சொல்லிவிட்டேன். நிறுத்தாதீர்கள்.

கேள்வி: மூத்தவள் "தம்பியைத்தான் உனக்குப் பிடிக்கும்" என்கிறாள்.

பதில்: அவளோடு மட்டும் தினமும் கொஞ்ச நேரம். அப்போது மீட்டர் வேறு அறையில் இருக்கட்டும்.

கேள்வி: இயற்கை வைத்தியத்தில் குணமானவர்கள்...

பதில்: இந்தக் கேள்விக்கு இனிப் பதில் எழுத மாட்டேன். இன்சுலினை நிறுத்தாதீர்கள்.

கேள்வி: ஊசி போடும்போது 5 வயது மகன் அழுகிறான். நானும் அழுதுவிடுகிறேன்.

பதில்: அழுங்கள், தப்பில்லை. ஆனால் "வலிக்காது" என்று சொல்லாதீர்கள். வலிக்கும் என்று அவனுக்குத் தெரியும். தொடையா, வயிறா என்று அவனையே கேளுங்கள். இடத்தை மாற்றி மாற்றிப் போடத்தான் வேண்டும். அதை அவன் தேர்ந்தெடுக்கட்டும்.