கலைக் கேள்வி–பதில்: தாளில் எஞ்சிய சான்றுகள்

கேள்வி: பல படிகள் எடுக்கக்கூடிய அச்சோவியங்களுக்கும், ஓவியர்கள் பழகிப் பார்த்த கோட்டோவியங்களுக்கும் கலை வரலாற்றில் இவ்வளவு முக்கியத்துவம் ஏன்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: பல படிகள் எடுக்க முடிந்ததுதான் அச்சோவியத்தின் முக்கியத்துவத்துக்கே காரணம். ஒளிப்படம் இல்லாத காலத்தில், ரோமில் இத்தாலிய ஓவியர் ரஃபேல் என்ன செய்கிறார் என்பதைப் பிற நாட்டு ஓவியர்கள் பெரும்பாலும் அச்சுத் தாள்களின் வழியாகவே அறிந்துகொண்டனர். தேவதைகளுள் யார் பேரழகி என்று ட்ராய் இளவரசன் பாரிஸ் தீர்ப்பளிக்கும் காட்சியை ரஃபேல் வகுத்துக் கொடுக்க, மார்க்கந்தோனியோ ரைமோண்டி 1510–20 அளவில் அதைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். ரஃபேலின் மூல வரைபடம் இன்று இல்லை, அச்சு இருக்கிறது. அதன் வலது கீழ் மூலையில் இரண்டு நதித் தெய்வங்களோடு அமர்ந்திருக்கும் நீரணங்கு, முகவாயில் கைவைத்தபடி நம்மைத் திரும்பிப் பார்க்கிறாள். 1863இல் பாரிஸ் நகரத்தாரை முகம் சுளிக்க வைத்த, பிரெஞ்சு ஓவியர் மானேயின் ‘புல்வெளியில் விருந்து’ ஓவியத்தில் அமர்ந்திருப்பவர்கள் இதே மூவர்தாம். ஆண்கள் இருவருக்கும் கோட்டு மாட்டியது மட்டுமே மானேயின் குறும்பு. அச்சுத் தாள் எஞ்சியிராவிட்டால் இந்த உறவை நிறுவ வழியே இருந்திராது.

இதைவிட முக்கியமாக நான் கருதுவது, தாள் ஓவியரின் மனமாற்றங்களை மறைக்காமல் வைத்திருப்பதைத்தான். வண்ண ஓவியத்தில் முந்தைய எண்ணம் அடுத்த பூச்சின் கீழ் மறைந்துவிடும். அச்சோவியத்திலோ, தகட்டைத் திருத்துவதற்கு முன் எடுத்த படிகள் தனியே பிழைத்துக்கொள்கின்றன. ரெம்பிராண்ட் 1653இல் கூர்முனை ஊசியால் தகட்டைக் கீறி உருவாக்கிய ‘மூன்று சிலுவைகள்’ படத்தின் முதல் நிலையில், அதாவது தகட்டைத் திருத்துமுன் எடுத்த படியில், மேலிருந்து இறங்கும் ஒளியில் கூட்டம் தெளிவாகத் தெரிகிறது. நான்காம் நிலைக்கு வரும்போது பல உருவங்களைச் சுரண்டி நீக்கி, உயரமான தொப்பி அணிந்த குதிரைவீரனைப் புதிதாகச் சேர்த்து, கனத்த கோடுகளால் காட்சியையே இருளில் மூழ்கடித்துவிட்டார். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்ப்பவருக்கு விளக்கவுரை தேவைப்படாது.

கோட்டோவியம் இன்னும் அந்தரங்கமானது. சிஸ்டைன் ஆலய விதானத்தில் உள்ள லிபிய நிமித்தக்காரிக்காக மைக்கேலாஞ்சலோ செஞ்சுண்ணத்தால் வரைந்த பயிற்சித் தாள் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் உள்ளது. மாதிரியாக நின்றவர் ஓர் ஆண் என்பதும், உடலின் பாரம் இறங்கும் கால்விரல்களை மைக்கேலாஞ்சலோ திரும்பத் திரும்ப வரைந்து பார்த்தார் என்பதும் விதானத்தை அண்ணாந்து பார்ப்பவருக்குத் தெரிய வராது.

கேள்வி: அப்படியானால் இவற்றை ஏன் நிரந்தரமாகக் காட்சிக்கு வைப்பதில்லை?
– அதே வாசகர்

பதில்: ஒளி பட்டால் தாள் பழுப்பேறும், மையும் நீர்வண்ணமும் வெளிறும்; அப்படி இழந்த நிறம் மீளாது. ஆகவே மங்கிய ஒளியில் சில மாதங்கள் மட்டும் காட்டிவிட்டு மீண்டும் பெட்டிக்குள் வைத்துவிடுகின்றனர். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏறத்தாழ 50,000 கோட்டோவியங்களும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட அச்சோவியங்களும் இவ்வாறே பாதுகாக்கப்படுகின்றன. அங்குள்ள ஆய்வு அறைக்கு முன்பதிவு செய்துகொண்டு செல்பவர்கள், அறிஞர் பட்டம் இல்லாவிட்டாலும், கேட்ட தாளை மேசையில் வைத்துப் பார்க்கலாம்.