வாசகர் கேள்வி பதில்: மண்டையோடு போட்ட சட்டை

கேள்வி: என் மகன் உயர்தரம் படிக்கிறான். மிஸ்ஃபிட்ஸ் என்ற குழுவின் பாட்டுகளை இரவு பகலாகக் கேட்கிறான். மண்டையோடு போட்ட கறுப்புச் சட்டை ஒன்றை வாங்கி வந்து கழற்றவே மாட்டேன் என்கிறான். பாட்டெல்லாம் பேய், பிணம், இரத்தம். சொந்தக்காரர் சாத்தான் வழிபாடு என்கிறார்கள். மறிக்கவா, விடவா?
– ஒரு தாய், உவர்மலை

பதில்: விடுங்கள் அக்கா. அந்த மண்டையோடு சாத்தானுடையது இல்லை. 1946இல் அமெரிக்காவில் பாகம் பாகமாக வெளிவந்த ‘த கிரிம்சன் கோஸ்ட்’ என்ற தொடர்படத்தில் வில்லன் போட்டிருந்த முகமூடி அது. படத்திலேயே அவன் பேய் இல்லை, பேய் வேடம் கட்டிய மனிதன்தான். மிஸ்ஃபிட்ஸ் 1977இல் நியூ ஜேர்சியில் லோடை என்ற ஊரில் கிளென் டான்ஸிக் தொடங்கிய குழு. பழைய பேய்ப் படங்கள், வேற்றுக்கிரகவாசி படங்கள், இவற்றின் கதைகளை எடுத்துப் பாட்டாக்கினார்கள், முன்முடியை மூக்குக்கு நேரே கீழே தொங்கவிட்டுக்கொண்டு மேடையேறினார்கள், அவ்வளவுதான்.

ஒரு தடவை சொற்களை விட்டுவிட்டு மெட்டை மட்டும் கேளுங்கள். 1950களின் ரொக் அண்ட் ரோல் பாட்டு, மூன்று நான்கு கோர்ட்டுக்குள் (கிற்றாரில் ஒன்றாக வாசிக்கும் சுரக்கூட்டு) முடிகிற எளிய மெட்டு, அதை மூன்று மடங்கு வேகத்தில் வாசித்தால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும், நடுவில் எல்லோரும் சேர்ந்து ‘ஓ... ஓ...’ என்று இழுப்பார்கள். 1982இல் வந்த அவர்களின் ‘வோக் அமங் அஸ்’ அல்பத்தில் 13 பாட்டு, மொத்தமும் அரை மணி நேரம் வராது. எங்கள் வீட்டில் அதைப் போட்டபோது அடுப்படியில் நின்ற என் அம்மா என்ன பாட்டென்று தெரியாமலே அந்த ‘ஓ...’வைச் சேர்ந்து பாடினார். சொல் பயங்காட்டும், மெட்டு கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடும். பயத்தையும் குதூகலத்தையும் ஒரே மூச்சில் தருவதுதான் இந்த இசையின் சுவை, உங்கள் மகனைப் பிடித்து வைத்திருப்பதும் அதுதான் என்று நினைக்கிறேன்.

இன்னொன்று. திருகோணமலை இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில் நின்று எத்தனை தடவை பிள்ளைக்கு இராவணன் கதை சொல்லியிருப்பீர்கள்? கயிலைமலைக்கு அடியில் நசுங்கிக் கிடந்தவன் தன் தலையொன்றைக் கிள்ளிக் குடமாக்கி, கை நரம்பை உருவித் தந்தியாக்கி, வீணை செய்து சாமகானம் பாடினான் என்கிறோம். அதைவிட இரத்தமும் நரம்புமான பாட்டுக் கதை எந்த ரொக் குழுவிடம் இருக்கிறது, சொல்லுங்கள். நாங்கள் அதைப் பக்தியோடு கேட்டுத்தான் வளர்ந்தோம்.

கோணேசர் கோவிலுக்கு அந்தச் சட்டை வேண்டாம் என்று சொல்லுங்கள், அது நியாயம். சாப்பிடாமல், நித்திரை கொள்ளாமல், யாரோடும் பேசாமல் இருக்கிறான் என்றால் அது வேறு விசயம். அதைப் பாட்டின் தலையில் போடாமல் பிள்ளையோடு உட்கார்ந்து பேசுங்கள்.

கேள்வி: சவப்பெட்டி, பேய் வேடம் இதையெல்லாம் மேடையில் முதலில் தொடங்கியது யார்?
– ஒரு வாசகர், நிலாவெளி

பதில்: முதல் ஆள் இவர்தான் என்று ஒருவரைக் காட்டுவது கஷ்டம். ஆனால் பெரிய அளவில் பேர்வாங்கியவர் அமெரிக்கப் பாடகர் ஸ்க்ரீமிங் ஜே ஹோக்கின்ஸ். 1956இல் ‘ஐ புட் எ ஸ்பெல் ஓன் யூ’ பாட்டு வந்த பிறகு சவப்பெட்டிக்குள்ளிருந்து எழும்பி வந்து பாடினார், கையில் தடி, தடியின் நுனியில் ஒரு மண்டையோடு, அதற்கு ஹென்றி என்று பெயர் வேறு. அப்புறம் அலிஸ் கூப்பர் மேடையில் பாம்பும் கழுத்து வெட்டும் கில்லட்டினும் கொண்டுவந்தார். 2006இல் பின்லாந்தின் லோர்டி குழு பூத முகமூடிகளோடு போய் ஏதென்ஸில் நடந்த யூரோவிஷன் என்ற ஐரோப்பியப் பாட்டுப் போட்டியை 292 புள்ளிகள் எடுத்து வென்றது. அந்த நாட்டுக்கு அந்தப் போட்டியில் அதுவே முதல் வெற்றி.

கேள்வி: யுத்தம் பார்த்தோம், 2004இல் சுனாமி பார்த்தோம். நாங்கள் கண்ட சாவுகள் போதாதா? பிணத்தை வைத்து விளையாட்டுப் பாட்டு எங்களுக்கு எதற்கு?
– ஒரு வாசகி, சாம்பல்தீவு

பதில்: உங்கள் கேள்வியை நான்கைந்து தடவை வாசித்தேன் அக்கா. எனக்குப் பிடிக்கவில்லை, நிப்பாட்டு என்று நீங்கள் சொன்னால் உங்கள் வீட்டில் அது நிற்கத்தான் வேண்டும். அதில் வாதம் இல்லை.

ஆனால் எனக்கு ஒரு கோடு இருக்கிறது. கற்பனைப் பிணம் வேறு, பெயரும் ஊரும் உள்ள பிணம் வேறு. மிஸ்ஃபிட்ஸ் குழுவே அந்தக் கோட்டைத் தாண்டியிருக்கிறது, அமெரிக்க ஜனாதிபதி கென்னடி சுட்டுக் கொல்லப்பட்டதை வைத்து 1978இல் ஒரு பாட்டு வெளியிட்டார்கள். அது எனக்குப் பிடிக்காது. அவரை இழந்த ஒரு குடும்பம் அப்போதும் உயிரோடு இருந்தது. எங்கள் பக்கமும் சுத்தம் இல்லை. கலிங்கத்துப்பரணியில் பேய்கள் போர்க்களத்தில் கூழ் காய்ச்சிக் குடிக்கிற இடத்தைப் படித்தால் சிரிப்பை அடக்க முடியாது, யானைத் தந்தத்தால் பல் விளக்கி, யானையின் விலா எலும்பால் நாக்கு வழித்துவிட்டுத்தான் பந்திக்கு உட்காருகின்றன. ஆனால் அந்தக் கூழில் வெந்தது கலிங்க வீரர்கள், பாடியது வென்ற சோழனின் பக்கத்துப் புலவர் செயங்கொண்டார். கலிங்கத்தில் மகனை இழந்த ஒரு தாய் அதைக் கேட்டிருந்தால் என்ன நினைத்திருப்பாள் என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் தோன்றும். அந்தப் புத்தகத்தை நான் கீழே வைக்கவில்லை. அந்தத் தாயையும் மறக்க முடியவில்லை.

கேள்வி: எங்களிடம் இரண்டு கிற்றார், ஒரு ட்ரம்ஸ் இருக்கிறது. தமிழில் பேய் ரொக் குழு தொடங்க ஆசை. டிராகுலா பற்றி எழுதலாமா?
– மூன்று நண்பர்கள், திருக்கடலூர்

பதில்: டிராகுலா வேண்டாம் தம்பிமாரே. பனி மூடிய கோட்டையை நீங்கள் பார்த்ததில்லை, உங்கள் குரலில் அது பொய்யாக வரும். கொள்ளிவாய்ப் பேய், முனி, புளியமரம், இரவில் கரைக்குத் திரும்பாத வள்ளம், இவையெல்லாம் உங்கள் அம்மம்மாவிடம் கதையாகவே கிடக்கும், போய்க் கேளுங்கள். ஊரில் யாருடைய உண்மையான சாவையும் தொடாதீர்கள், மேலே சாம்பல்தீவு அக்கா எழுதியதை மூன்று பேரும் வாசியுங்கள்.

எழுதும் முறைக்கு அதே பரணியைப் பாருங்கள். இரண்டிரண்டு அடியாக ஓடும் தாழிசை, வேகமான ட்ரம்ஸுக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. கூழ் பரிமாறும் இடத்தில் குருட்டுப் பேய், ஊமைப் பேய், கனாக் கண்ட பேய் என்று ஒவ்வொன்றாக வரும், ஆளுக்கொரு பேயாக மூன்று பேரும் மாறி மாறிப் பாடலாம். பயங்காட்டுவதற்காகக் கத்த வேண்டாம், மெட்டு முதலில் நன்றாக இருக்கட்டும், சொல்லைத் தெளிவாகச் சொல்லுங்கள். முதல் பாட்டு 2 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது.

முகப்பூச்சுக்குக் கடைப் பெயின்ற் வேண்டாம், தோல் வெந்துவிடும். கூத்துக்கு வேடம் கட்டுகிற ஆட்களிடம் கேளுங்கள், எதைப் பூசுவது, எப்படிக் கழுவுவது என்று அவர்களுக்குத் தெரியும்.