கோமாளியைக் கண்டு அழுத பிள்ளை

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீங்கள் கூத்தைப் பற்றி எழுதுவதை விடாமல் வாசிப்பவள் நான். இது கொஞ்சம் வீட்டுக் கதை. போன மாதம் எங்கள் மகளுக்கு ஐந்தாவது பிறந்தநாள். உப்புவெளியில் ஒரு ஹோல் எடுத்துக் கொண்டாடினோம். பிள்ளைகள் சந்தோஷப்படட்டும் என்று கோமாளி வேஷம் போடும் ஒருவரைக் கொழும்பில் இருந்து கூப்பிட்டிருந்தோம். அவர் உள்ளே வந்ததும் மற்றப் பிள்ளைகள் கத்திச் சிரித்தார்கள். மகள் மட்டும் மேசைக்குக் கீழே ஒளிந்துகொண்டாள். மாமாமார் அவளை இழுத்தெடுத்து, போட்டோவுக்காக அவர் கையில் கொடுத்தார்கள். அவள் வீரிட்டு அழ, எல்லோரும் சிரித்தோம். நானும்தான். என் தம்பி அந்தப் படத்தை முகநூலிலும் போட்டான். அன்றிலிருந்து லைட்டை நிற்பாட்டினால் அவள் நித்திரை கொள்வதில்லை. "எல்லாம் இங்கிலிஷ் படத்தால் வந்த பயம்" என்கிறார் என் கணவர். அவளோ அப்படி ஒரு படமும் பார்த்ததில்லை. எங்கள் கூத்திலும் கோமாளி வருவார்தானே, அவருக்குப் பிள்ளைகள் பயந்ததாக நான் கேள்விப்படவில்லை. கோமாளி சிரிப்புக்கா, பயத்துக்கா?

ஒரு தாய், உப்புவெளி

அன்புள்ள தங்கச்சிக்கு,

கூத்துக் கோமாளிக்கு அழுத பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். என் தங்கையே அழுதிருக்கிறாள். ஆனால் அந்த அழுகை ஐந்து நிமிடம் தாங்காது. ஏன் என்பதற்கு எங்கள் ஊர்க் கோமாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பகலில் அவர் சைக்கிளில் மீன் விற்பவர். பின்னால் பெட்டி, முன்னால் ரப்பர் ஹோர்ன். "சூடை, பாரை" என்று ஒழுங்கை ஒழுங்கையாக வருவார். கோயில் வெளியில் களரி போட்டு, பெற்றோமாக்ஸ் கொளுத்திய இரவுகளில் அதே மனிசன் முகத்தில் முத்துவெள்ளை அப்பி, ஒரு பக்கத்துக்கு மட்டும் மீசை வைத்துக்கொண்டு வருவார். ராசா வருகிறார் என்று கட்டியம் கூற வேண்டியவர், ராசாவின் உடுப்பில் தடக்கி விழுவார். எழுபதுகள் அது. பாணுக்கு விடியற்புறமே கியூவில் நின்ற, பங்கீட்டுக் கூப்பன் காலம். சூதாடப் போகும் தருமரின் காலைப் பிடித்துக்கொண்டு, "நாட்டை வையுங்க, பெண்சாதியை வையுங்க, கூப்பனை மட்டும் வைச்சிடாதேங்க ராசா" என்பார். பாட்டு நின்று, மத்தளக்காரரும் சிரித்து முடித்துத்தான் கூத்து தொடரும்.

தங்கை அந்த வெள்ளை முகத்தைக் கண்டுதான் அம்மாவின் சீலைக்குள் முகத்தைப் புதைத்தாள். "அது எங்கட மீன் மாமாதானே பிள்ளை" என்றார் அம்மா. மனிசனுக்கு அது கேட்டுவிட்டது. ஆட்டத்தின் நடுவே எங்கள் பக்கம் திரும்பி, கிட்ட வராமல், வாயால் "போம் போம்" என்று ஹோர்ன் அடித்தார். தங்கை எட்டிப் பார்த்தாள். இரண்டாம் ஹோர்னுக்குச் சிரித்தாள். முத்துவெள்ளைக்குள் இருப்பவர் யாரென்று தெரிந்துபோனது. அவ்வளவுதான்.

இனி என் கதை. அடுத்த வருடமோ அதற்கு அடுத்ததோ, நகரத்து மைதானத்தில் காணிவேல் வந்தது. மரணக் கிணறு, ராட்டினம், கச்சான் எல்லாம் இருந்தன. வாசலில் பொய்க்காலில் ஒரு கோமாளி நின்றார். நீளமான சிவப்புச் சிரிப்பு. அவர் மேலிருந்து குனிந்து என் கையில் இருந்த ஐஸ்பழத்தைப் பறித்து ஒரு கடி கடித்தார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்குக் காற்சட்டை நனைந்துவிட்டது. எட்டு வயதுப் பையன், அதுவும் பள்ளிக்கூடத்து நண்பர்களுக்கு முன்னால்! கூத்தில் முதல் வரிசையில் இருந்து கோமாளிக்குக் கைதட்டிய அதே நான்தான்.

இரண்டு பேரின் முகத்திலும் ஒரே வெள்ளைதான். மீன் மாமா விழுந்தார், அடி வாங்கினார், ராசாவிடம் ஏச்சு வாங்கினார். பகிடி முழுக்க அவர் தலையில்தான் விடியும். காணிவேல்காரர் பகிடியை என் தலையில் கொட்டினார். கீறி வைத்த சிரிப்பைப் பார்த்து அது வரப்போகிறது என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு மனிசன் கோபிக்கப் போகிறானா, கொஞ்சப் போகிறானா என்பதை நாங்கள் வாயையும் புருவத்தையும் பார்த்துத்தானே பிடிக்கிறோம்? அவை இரண்டையும் சாயம் மூடிவிட்டால் பிள்ளை எதை வைத்துப் பிடிக்கும்?

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. பிரிட்டனின் சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 64 நாடுகளைச் சேர்ந்த 987 பேரிடம் கோமாளிப் பயத்தைப் பற்றிக் கேட்டு 2023இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாதிப் பேருக்குச் சற்று மேல், கொஞ்சமாவது பயம் உண்டு என்றார்கள். மிகக் கடுமையான பயம் 100க்கு 5 பேருக்கு. ஏன் என்று கேட்டபோது மேலே நின்ற காரணம், உணர்ச்சியைச் சாயம் மறைத்துவிடுகிறது என்பதே. நேரில் ஒரு கோமாளியால் பயந்த அனுபவம் கடைசியில்தான் வந்தது. (அந்தக் கணக்கில் என் ஐஸ்பழம் சிறுபான்மை.) படமும் செய்தியும் ஒரு காரணம் என்று அதிலும் வருகிறது. ஆகவே உங்கள் வீட்டுக்காரர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள், ஆறுதலாக இருக்கும். ஆனால் சினிமா பிறப்பதற்கு முன்பே, 1836இல், பாரிஸ் மக்களின் செல்லக் கோமாளியான டெபுரோ, தெருவில் தன்னைக் கேலி செய்த ஒரு பையனைக் கைத்தடியால் அடிக்க, பையன் இறந்துபோனான். நீதிமன்றம் டெபுரோவை விடுதலை செய்தது. வெள்ளை முகத்துக்குள் இருந்த மனிசனை அந்த ஊர் அன்றைக்குத்தான் கண்டது.

எங்களுக்கு இந்தப் பாடம் படிக்க பாரிஸ் தேவையில்லை. என் வயதுக்காரரிடம் "தலையாட்டி" என்று சொல்லிப் பாருங்கள். போர்க்கால ராணுவச் சுற்றிவளைப்பில் ஆண்களை எல்லாம் வெளியில் இருத்தி, ஒவ்வொருவராக அந்த ஆளுக்கு முன்னால் நடக்க விடுவார்கள். தலையை மூடிய சாக்கில் கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. அந்தத் தலை ஆடினால் போச்சு. சாக்குக்குள் இருப்பவன் எங்களுக்குத் தெரிந்தவனாகத்தான் இருக்க வேண்டும், தெரிந்தவன்தானே அடையாளம் காட்ட முடியும். யார் என்பது மட்டும் தெரியாது. முகம் மூடிய ஆளைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் வயிறு ஒருமுறை இழுக்கும். பிறந்தநாள் வீட்டுக் கோமாளிக்கும் அப்படித்தான். வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

அப்புறம் 2011 ஆகஸ்ட். கிறீஸ் பூதம். உடம்பெல்லாம் கிறீஸ் பூசிய ஆள் இரவில் வீடு புகுகிறான் என்ற பேச்சு கிழக்கு முழுவதும் பரவி, இங்கே கிண்ணியாவில் சனம் தெருவுக்கு இறங்கியது. என் வீட்டிலும் பின்கதவுக்கு இரண்டாவது கொண்டி வந்தது அந்தக் கிழமைதான். ஐந்து வருடம் கழித்து, அதே ஆகஸ்ட் மாதத்தில், அமெரிக்காவின் தென் கரோலினாவில் காட்டோரம் கோமாளிகள் நின்று பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பி, நாடு முழுக்கப் பீதி. செய்தியை வாசித்தபோது, அங்கே வெள்ளை, இங்கே கறுப்பு என்றுதான் நினைத்தேன்.

சரி, கோமாளியே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். இத்தாலியின் புளோரன்சில், சத்திரசிகிச்சைக்குக் காத்திருந்த 40 பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். 20 பேருடன் தாயோ தகப்பனோ மட்டும் நின்றார்கள். மற்ற 20 பேருடன் தாய் அல்லது தகப்பனோடு கோமாளிகளும் இருந்தார்கள். கோமாளி இருந்த பிள்ளைகளுக்குப் பதற்றம் தெளிவாகக் குறைந்திருந்தது. 2005இல் வெளியான ஆய்வு. (அங்கே கோமாளியை வேண்டாம் என்றவர்கள் ஊழியர்கள்தான், வேலைக்கு இடைஞ்சலாம்.) ஆனால் 2008இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் ஆய்வாளர்கள் ஆஸ்பத்திரிச் சுவர்களில் என்ன படம் வேண்டும் என்று 250க்கும் மேற்பட்ட பிள்ளைகளிடம் கேட்டபோது, கோமாளிப் படம் ஒருவருக்கும் பிடிக்கவில்லை. எனக்கு இதில் முரண் தெரியவில்லை. சுவரில் இருப்பவர் ஹோர்ன் அடித்துக் காட்ட மாட்டார். பிள்ளை முகத்தைச் சுளித்தால் பின்வாங்கவும் மாட்டார்.

இனி உங்கள் ஹோலுக்கு வருகிறேன். கோபிக்க வேண்டாம். கொழும்பில் இருந்து வந்த அந்த மனிதர்மேல் எனக்குக் குறை இல்லை. பெரும்பாலான பிள்ளைகள் சிரித்தார்கள்தானே. மேசைக்குக் கீழே உங்கள் மகளுக்கு ஓர் இடம் இருந்தது. அங்கிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்திருப்பாள், என் தங்கை சீலைக்குள் இருந்து பார்த்த மாதிரி. மாமாமார் அந்த இடத்தைப் பறித்தார்கள். பிறகு சபை சிரித்தது கோமாளியைப் பார்த்தா, அவளைப் பார்த்தா? பல்கலைக்கழகத்தில் புதிதாக வரும் பிள்ளைகளுக்குச் செய்வதற்கு நாங்கள் பகிடிவதை என்று பெயர் வைத்திருக்கிறோம். ஐந்து வயதுக்கு அது கொஞ்சம் முந்திவிட்டது.

லைட்டை எரிய விடுங்கள், மின்கட்டணம் பெரிதாக வராது. ஓர் ஓய்வான நாளில் அவளுக்கு முன்னால் நீங்களே முகத்தில் பவுடர் அப்பி, மூக்கில் பொட்டு வையுங்கள். அவள் கையால் உங்கள் வீட்டுக்காரருக்கும் வைக்க விடுங்கள். பிறகு தேங்காயெண்ணெய் போட்டு அவளையே துடைக்கச் சொல்லுங்கள். கூத்து முடிந்த விடியலில் மீன் மாமா அப்படித்தான் துடைப்பார், நாங்கள் சுற்றி நின்று பார்ப்போம். பாதி முகம் வெளியே வந்ததும் "எத்தனை மணி பிள்ளையள், மீன் எடுக்கப் போகோணும்" என்பார்.

முகநூல் படத்தை மட்டும் தம்பியிடம் சொல்லி இன்றைக்கே எடுப்பித்துவிடுங்கள். வாசிக்கப் பழகினதும், அதன் கீழே யார் யார் சிரித்திருக்கிறார்கள் என்று அவளே எழுத்துக் கூட்டிப் பார்ப்பாள்.

அன்புடன்,
அண்ணா
திருகோணமலை