எந்தக் கடைசி?

அன்புள்ள ஐயா,

நான் தமிழ்வழியில் படித்தவன். அலுவலகத்தில் ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கிறது. 'இன்', 'ஆன்', 'அட்' சேர்ந்து வரும் 300 தொடர்களைப் பொருளோடு மனப்பாடம் செய்துவருகிறேன். 'அட் தி எண்ட்', 'இன் தி எண்ட்' இரண்டுக்கும் 'கடைசியில்' என்றுதான் போட்டிருக்கிறது. எழுதும்போது குழம்பிவிடுகிறேன். தமிழில் படித்ததுதான் என் குறை. நல்ல செயலி எது? எத்தனை மாதத்தில் கைவரும்?

கா., கோயம்புத்தூர்

அன்புள்ள கா.,

செயலி எதுவாக இருந்தாலும் சரி. மாதக் கணக்கையும் விடுங்கள். தமிழில் படித்ததுதான் குறை என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

"எட்டு மணிக்கு வந்தேன்", "காலையில் வந்தேன்", "நேற்று வந்தேன்" என்கிறீர்கள். மூன்றும் காலத்தைத்தான் சொல்கின்றன. ஒன்றில் 'கு', ஒன்றில் 'இல்', இன்னொன்றில் உருபே இல்லை. எந்தப் பட்டியலைப் பார்த்து இதைக் கற்றீர்கள்? உருபுகள் இடம் மாறி நிற்பதைப் பேசுவதற்காகவே தொல்காப்பியத்தில் வேற்றுமை மயங்கியல் என்று ஓர் இயல் இருக்கிறது. அந்த மயக்கத்தை எல்லாம் பிசகாமல் பேசுகிறவர் "அட் எய்ட்", "இன் த மார்னிங்", வெறும் "யெஸ்டர்டே" என்ற மூன்றையும் கண்டு மிரளலாமா? ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய ஆங்கிலத்திலும் பெயரின் இறுதியில்தான் வேற்றுமை உருபுகள் ஒட்டின. அவை தேய்ந்து உதிர, அந்த வேலையில் பெரும்பகுதியைப் பெயருக்கு முன்னால் நிற்கும் இந்தச் சின்னச் சொற்கள் ஏற்றுக்கொண்டன. நீங்கள் அறியாத வேலை இல்லை இது.

குறை உங்கள் பட்டியலில் இருக்கிறது. தெருவின் கடைசியில் வீடு என்றால் 'அட்'. எதன் கடைசி என்று கேட்டால் அங்கே விடை உண்டு. பெரும்பாலும் 'ஆஃப்' அதைக் கூட்டிவரும். அப்பா எவ்வளவோ மறுத்துக் கடைசியில் சம்மதித்தார் என்றால் 'இன்'. எதன் கடைசி என்று அங்கே கேட்கவே தோன்றாது. ரயில் குறித்த நேரத்தில் வந்தால் 'ஆன் டைம்'; அது கிளம்புவதற்குள் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டால் 'இன் டைம்'. வாக்கியத்திலிருந்து பிய்த்தெடுத்த தொடருக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லை எழுதிவைத்தால் இதெல்லாம் எப்படித் தெரியும்?

எங்கள் ஊர்ப் பள்ளியில் ஆங்கில ஆசிரியர் ஒருவர் இருந்தார். இலக்கணம் நடத்துவதற்கு முன்னால் பாடம் முழுவதையும் உரக்க வாசிக்கவைப்பார். பொருள் கேட்டால், "முதலில் காதுக்குப் போகட்டும்" என்பார். அவர் கரும்பலகையில் எழுதிய விதிகள் மறந்துவிட்டன. அந்தப் பாடங்களின் வாக்கியங்கள் இன்றும் நாவில் இருக்கின்றன. எழுதும்போது தவறான சொல் விழுந்தால், ஏன் என்று யோசிப்பதற்கு முன்பே காது சுளிக்கிறது. அவருக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

பட்டியலை மூடிவையுங்கள், தம்பி. அலுவலகத்தில் நன்றாக எழுதுகிறவரின் மின்னஞ்சல்களை வாய்விட்டு வாசியுங்கள். பிடித்ததை முழு வாக்கியமாகக் குறித்துவையுங்கள். தமிழ்ப் பொருள் எழுதாதீர்கள். மறுநாள் உங்கள் கடிதத்தில் அதையே ஆளும் பெயரும் மாற்றி எழுதிப் பாருங்கள்.