மல்லிகை நாற்றில் இருப்பது ஐரோப்பிய மரவட்டையா?

தங்கச்சிமடத்தில் மல்லிகை நாற்றுப் பைக்குள் ஒன்றரை சென்டிமீட்டர் மரவட்டைகள் இருப்பதாகவும், செல்போன் செயலி அதை 'பிளானியுலஸ் குட்டுலேட்டஸ்' என்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். செயலியை அவ்வளவு நம்பாதீர்கள். பிளானியுலஸ் ஐரோப்பாவில் உருளைக்கிழங்கையும் ஸ்ட்ராபெரியையும் குடைவதாகப் பெயரெடுத்த இனம். நம் கடற்கரை மணலில் முதல் சந்தேகம் அதன்மேல் போக வேண்டியதில்லை.

பத்து மடங்கு லென்ஸ் ஒன்று எடுத்துத் தலையைப் பாருங்கள். அந்த இனத்துக்குக் கண்ணே கிடையாது. நூல் போல மெலிந்து வெளிறிய உடல், இரு பக்கமும் வரிசையாகச் சிவப்புப் புள்ளிகள். அந்தப் புள்ளிகள் தற்காப்புத் திரவம் சுரக்கும் சுரப்பிகள். தலையில் கறுப்பாகக் கண் தெரிந்தால் பிளானியுலஸ் இல்லை. மழைக்காலத்தில் சுவரேறுமே, அந்தச் செம்மரவட்டையின் குஞ்சாக இருக்கலாம். கண் இல்லாமல், தட்டையாக, 20 வளையங்களோடு இருந்தால் ஆக்சிடஸ் கிராசிலிஸ் என்ற இன்னொரு மரவட்டை இனத்தின் பக்கம் யோசியுங்கள். அது கிழக்காசியாவிலிருந்து தொட்டிச் செடிகளோடு உலகம் சுற்றியது.

பெயர் உறுதியாக வேண்டுமென்றால் வளர்ந்த ஆண் ஒன்று வேண்டும். அதன் ஏழாவது வளையத்தில் கால்கள் இனப்பெருக்க உறுப்பாக மாறியிருக்கும். இனம் பிரிப்பதே அதன் வடிவத்தை வைத்துத்தான்.

அப்புறம், அவசரப்பட்டு மருந்தடிக்காதீர்கள். மரவட்டை பெரும்பாலும் மக்கிய தழையைத்தான் தின்னும். பைக்குத் தண்ணீரைக் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள்.