பந்து கையில் இல்லாத நேரம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 2011-இல் அமெரிக்காவின் சிறந்த கல்லூரிக் கூடைப்பந்து ஆட்டக்காரர் என்று விருது பெற்ற ஜிமர் ஃபிரடெட்டை, என்.பி.ஏ. (அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்) அணிகள் புது ஆட்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட்டில், 10-ஆவதாக எடுத்தார்கள். அவர் நிலைக்கவில்லை. 2018-இல் அதே பெருமையைப் பெற்ற ஜேலன் பிரன்சன் 33-ஆவதாகத்தான் எடுக்கப்பட்டார். இன்று அவர் நியூயார்க் நிக்ஸின் அணித்தலைவர். இருவரும் பாயின்ட் கார்டுகள் (பந்தை முன்னெடுத்து அணியின் ஆட்டத்தை நடத்துகிறவர்கள்), இருவரும் அந்த ஆட்டத்துக்கு உயரம் குறைந்தவர்கள், இருவரும் கல்லூரியில் சில ஆண்டுகள் ஆடி முதிர்ந்து வந்தவர்கள். இதையே வேலையாகச் செய்கிறவர்களே இப்படித் தவறினால், தொலைக்காட்சியில் பார்க்கும் என் போன்றவர்கள் ஒரு கல்லூரிப் பாயின்ட் கார்டு தேறுவானா என்று கணிக்க என்ன வழி? எந்தக் கணக்கை நம்புவது, எந்த ஆட்டத்தைப் பார்ப்பது?

அன்புடன்,
கா., நியூ ஜெர்சி

அன்புள்ள கா.,

நீங்கள் சொன்ன இரண்டு பெயர்களிலிருந்தே தொடங்குகிறேன். ஏனென்றால் ஃபிரடெட்டைப் பற்றிப் பொதுவாகச் சொல்லப்படுவது தவறு. கல்லூரி எறிதல் என்.பி.ஏ.வில் எடுபடவில்லை என்பார்கள். எடுபட்டது. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு ஆட்டத்துக்கு 28.9 புள்ளி எடுத்தார், நாட்டிலேயே அதிகம். ஃப்ரீ த்ரோவில் (எதிரணியின் தவறுக்காகத் தடுப்பின்றி எறியக் கிடைக்கும் எறி) நூற்றுக்கு 89. என்.பி.ஏ.வில் ஆடிய காலம் முழுவதும் சேர்த்துப் பார்த்தாலும் அவருடைய மூன்று புள்ளி எறிதல் 37 சதவீதத்தை ஒட்டியே இருந்தது. கை அப்படியேதான் இருந்தது, பந்துதான் கைக்கு வரவில்லை. அவர் போய்ச் சேர்ந்த சாக்ரமென்டோ அணியில் பந்தை வைத்து ஆட ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். அதே டிராஃப்ட்டில் கடைசி ஆளாக, 60-ஆவதாக, அதே அணி எடுத்த ஐசையா தாமஸ் முதல் ஆண்டிலேயே அவரைத் தாண்டிப்போய்த் தொடக்க ஐவரில் இடம் பிடித்தார். ஃபிரடெட்டை மூன்றாவது பருவம் முடியுமுன்பே அணி விடுவித்தது. பின்னாளில் சீனாவின் ஷாங்காய் அணியில், பந்து முழுக்க அவர் கையில் இருந்தபோது, மறுபடி கல்லூரி நாட்களைப் போலவே புள்ளிகளைக் குவித்தார்.

பிரன்சனை எடுத்த டாலஸ் அணிக்கு அதே டிராஃப்ட்டில் லூக்கா டான்சிச்சும் வந்து சேர்ந்தார். அதன்பின் அந்த அணியில் பந்து யார் கையில் இருக்கும் என்ற கேள்விக்கே இடமில்லை. ஆனால் பிரன்சனை வெளியே உட்கார வைக்க வேண்டியிருக்கவில்லை. மூலையில் நிற்பார், வந்த பந்தை எறிவார், தடுக்க ஓடி வருகிறவனைத் தாண்டி உள்ளே போவார். 2022 பிளேஆஃப் (பருவ முடிவில் கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) முதல் சுற்றில், டான்சிச் காயத்தால் ஆடாதபோது, யூட்டாவுக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் 41 புள்ளி எடுத்தார், பந்தை ஒரு முறைகூடத் தவறவிடாமல். அந்தக் கோடையிலேயே நிக்ஸ் நான்கு ஆண்டுக்கு 10.4 கோடி டாலர் கொடுத்து அழைத்துக்கொண்டது.

ஆகவே நான் முதலில் தேடுவது இதைத்தான்: பந்து கையில் இல்லாதபோது இந்தப் பையனால் என்ன பயன்? கல்லூரியில் நாம் பார்ப்பது பந்து எப்போதும் தன்னிடமே இருக்கிற ஒருவனை. என்.பி.ஏ.வில் முதல் இரண்டு ஆண்டு அவன் இன்னொருவரின் பக்கத்தில்தான் நிற்கப்போகிறான், அதுவும் சில நிமிடங்கள். அந்த நிமிடங்களில் அணிக்குச் சுமையாக இல்லாமல் இருந்தால்தான் அடுத்த ஆண்டு பந்து கைக்கு வரும். ஃபிரெட் வான்வ்லீட்டை 2016-இல் யாருமே டிராஃப்ட்டில் எடுக்கவில்லை. டொரான்டோவில் கைல் லௌரிக்குப் பக்கத்தில் நின்று ஆடத் தெரிந்ததால்தான் 2019-இல் அந்த அணி வென்ற என்.பி.ஏ. கோப்பையில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

விதிவிலக்கு உண்டு. ட்ரே யங் 2017-18-இல் ஓக்லஹோமா பல்கலைக்கழகத்துக்கு ஆடியபோது புள்ளி (27.4), அசிஸ்ட் எனப்படும், சகா புள்ளி எடுக்கக் கொடுத்த பாஸ் (8.7) இரண்டிலும் நாட்டுக்கே முதலிடம். ஒரே பருவத்தில் இரண்டிலும் முதலாக வந்தவர் அதற்கு முன் யாரும் இல்லை. அப்படிப்பட்டவருக்கு அணியே பந்தைக் கொடுத்துவிடும், அட்லான்டா கொடுத்தது. ஃபிரடெட்டின் கடைசி ஆண்டு அசிஸ்ட் 4.3 தான். புள்ளியில் மட்டும் முதலாக இருப்பதற்கும் மற்ற நால்வரையும் ஆட வைப்பதற்கும் இடையிலுள்ள தூரம் அது.

இனி கணக்குகள். ஒரு பருவத்து மூன்று புள்ளிச் சதவீதத்தைத் தனியாக நம்பாதீர்கள். 35 ஆட்டம், ஆட்டத்துக்கு 5 எறி என்றால் மொத்தம் 175. நாற்பது சதவீதக்காரன் அதில் 70 போட்டிருப்பான், முப்பத்தைந்து சதவீதக்காரன் 61. வித்தியாசம் ஒன்பது பந்து, நான்கு ஆட்டத்துக்கு ஏறக்குறைய ஒன்று. வளையத்தில் உருண்டு உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்பதிலேயே அது அடங்கிவிடும். அதோடு ஃப்ரீ த்ரோவையும் சேர்த்துப் பாருங்கள். அங்கே தடுப்பவன் இல்லை, தூரம் மாறுவதில்லை, கையின் தரம் மட்டுமே தெரியும். லான்சோ பால் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகத்தில் மூன்று புள்ளியில் 41.2 சதவீதம், ஃப்ரீ த்ரோவில் 67.3. என்.பி.ஏ. முதல் ஆண்டில் முன்னது 30.5 ஆயிற்று, பின்னது 45.1. பந்தை இடது காதருகே கொண்டுபோய் எறியும் பழக்கம் அவருக்கு. அதை மாற்றிய பிறகே எறிதல் சரியானது. டேவியன் மிட்செல் 2021-இல் பெய்லர் பல்கலைக்கழகத்துக்குக் கோப்பை வென்ற ஆண்டில் மூன்று புள்ளியில் 45-ஐ ஒட்டி எறிந்தார், ஃப்ரீ த்ரோ 65-ஐ எட்டவில்லை. என்.பி.ஏ. முதல் ஆண்டில் மூன்று புள்ளி 32-ஐக்கூடத் தொடவில்லை. என் கைக்கணக்கு இது: ஃப்ரீ த்ரோ 80-க்கு மேல் என்றால் மூன்று புள்ளி 34 ஆக இருந்தாலும் கவலைப்படமாட்டேன், 70-க்குக் கீழே என்றால் 42 ஆக இருந்தாலும் நம்பமாட்டேன்.

பழைய ஆட்டக்காரர்களோடு ஒப்பிடும்போது மூன்று புள்ளிக் கோட்டையும் கவனிக்க வேண்டும். 2018-19 வரை கல்லூரிக் கோடு வளையத்திலிருந்து 20 அடி 9 அங்குலம். அதற்கடுத்த பருவத்திலிருந்து 22 அடி ஒன்றே முக்கால் அங்குலம். என்.பி.ஏ.வில் வளைவில் 23 அடி 9 அங்குலம், மூலையில் 22 அடி. எனவே பையன் கோட்டை மிதித்துக்கொண்டு எறிகிறானா, ஓரடி பின்னால் நின்று எறிகிறானா என்று பாருங்கள். பின்னால் நிற்கும்போது முழங்கால் கூடுதலாக மடங்கி, பந்து தோளுக்குக் கீழே இறங்கி எழுந்தால், அந்த எறிக்கு என்.பி.ஏ.வில் நேரம் கிடைக்காது.

உள்ளே புகுந்து போடும் சதவீதத்தை வாசிப்பது கொஞ்சம் சிக்கல். என்.பி.ஏ.வில் தடுக்கும் சென்டர் (அணியின் உயரமான ஆள்) யாரையும் நெருங்கிக் காக்காமல் வளையத்தடிப் பரப்பான பெயின்ட்டுக்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்கக்கூடாது. கல்லூரியில் அந்த விதி இல்லை. பெயின்ட்டின் அகலமும் என்.பி.ஏ.வில் 16 அடி, கல்லூரியில் 12 தான். ஆகவே கல்லூரியில் வளையத்தடியில் எப்போதும் கூட்டம். அந்தக் கூட்டத்தில் தடுமாறும் ஒருவனுக்கு என்.பி.ஏ.வில் வழி கிடைக்கக்கூடும், ஆனால் வழியின் முடிவில் நிற்பவன் இன்னும் உயரமானவன், தாண்டிய பிறகும் பின்னாலிருந்து எட்டிப் பிடிப்பவன். இதனால் சதவீதத்தைவிட எத்தனை முறை தன் முயற்சியில் உள்ளே போகிறான், எத்தனை முறை அடிவாங்கி ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போகிறான் என்ற எண்ணிக்கையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

இப்போது ஒரே ஒரு பிக் அண்ட் ரோலை மெதுவாக ஓட்டிப் பாருங்கள். சொந்த அணிச் சென்டர் வந்து ஸ்க்ரீன் போடுகிறான், அதாவது பாயின்ட் கார்டைத் துரத்துகிறவனின் வழியில் சுவர் போல நிற்கிறான். பாயின்ட் கார்டு அவன் இடுப்பில் தன் தோள் உரசும் அளவுக்கு நெருங்கித் திரும்ப வேண்டும். ஒரு கை இடைவெளி விட்டால் துரத்துகிறவன் அதில் நுழைந்துவிடுவான். திரும்பியதும் பின்னால் ஒருவன் துரத்துகிறான், முன்னால் எதிரணி சென்டர் வளையத்தை நோக்கிப் பின்வாங்குகிறான். அவசரக்காரன் நேரே ஓடி சென்டரின் கையில் பந்தைக் கொடுப்பான். தேறுகிறவன் அந்த இடத்தில் வேகத்தைக் குறைப்பான். துரத்துகிறவனைத் தன் முதுகோடு ஒட்டவைத்து, முன்னால் வரவிடாமல், பந்தை இரண்டு தட்டு தட்டுவான். அந்த ஒரு விநாடி எதிரணி சென்டர் தனியாக இருவரைக் காக்க வேண்டும். அவன் ஓரடி முன்வைத்தால் பந்து தரையில் பட்டு, வளையத்துக்குப் போகும் சகாவின் கைக்குப் போகும். வைக்காவிட்டால் ஃப்ளோட்டர், அவன் கைக்கு மேலாக மெல்லத் தூக்கிப் போடும் எறி. மூலையில் நிற்கும் தடுப்பாளன் உதவிக்கு உள்ளே வந்தால், பந்து மைதானத்தின் குறுக்கே அந்த மூலைக்குப் பறக்க வேண்டும், தட்டிக்கொண்டிருக்கும் அதே கையிலிருந்து. பந்தை இரண்டு கையால் பிடித்து, நின்று, பிறகு எறிகிறவனுக்கு என்.பி.ஏ.வில் அந்த வழி மூடிவிடும். இதை இடக்கைப் பக்கமும் பாருங்கள். பலர் ஒரு பக்கம் மட்டும்தான் மூன்று தேர்வும் வைத்திருப்பார்கள்.

பிரன்சன் தன் கல்லூரியான வில்லனோவாவில் கற்றது இதோடு சேர்ந்தது. பெயின்ட்டுக்குள் போனதும் இரண்டு காலையும் ஒருசேர ஊன்றி நின்றுவிடுவார். ஒரு காலில் பறப்பவன் பறந்துதான் ஆக வேண்டும். ஊன்றி நிற்பவன் தோளை அசைத்து, ஒரு காலில் சுழன்று, தடுப்பவன் குதித்து இறங்கும் வரை காத்திருக்கலாம். உயரமும் எகிறலும் குறைந்தவருக்கு அது மாற்று ஆயுதம். அளவுநாடாவும் தாவல் சோதனையும் அதைக் காட்டுவதில்லை, 32 தேர்வுகள் அவரைத் தாண்டிப்போனதற்கு அது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

டர்ன்ஓவரை எண்ணாதீர்கள், பிரித்துப் பாருங்கள். ட்ரே யங் கல்லூரியில் ஆட்டத்துக்கு 5.2 முறை பந்தை இழந்தார். அணி முழுவதும் அவர் மேல் சாய்ந்திருந்தது, யாரும் பார்க்காத பாஸை முயன்றார். மூலைக்கு அனுப்பிய பாஸ் ஒரு விரல் தப்பிப் போனால் அது பார்வை உள்ளவன் செய்யும் பிழை, திருத்தலாம். தட்டிக்கொண்டிருக்கும்போதே பந்தைப் பறிகொடுத்தால், அதுவும் அரை மைதானத்துக்கு முன்பே மார்போடு மார்பாக நெருக்கும் ஒருவனிடம் கொடுத்தால், அது வேறு வியாதி. என்.பி.ஏ.வில் அப்படி நெருக்குகிறவர்கள் ஒவ்வோர் அணியிலும் இருக்கிறார்கள்.

தடுப்பில்தான் சிறிய கார்டுகள் பலர் வேலையை இழக்கிறார்கள். என்.பி.ஏ. பிளேஆஃப்பில் எதிரணி மிகப் பலவீனமான தடுப்பாளன் யார் என்று கண்டுபிடித்து, அவன் காக்கும் ஆளையே திரும்பத் திரும்ப ஸ்க்ரீன் போட அழைக்கும். ஸ்டீல், அதாவது பந்தைப் பறித்த எண்ணிக்கையை வைத்து இதைக் கணிக்க முடியாது. ஸ்க்ரீனில் மோதிய பிறகு எத்தனை எட்டில் தன் ஆளின் இடுப்பருகே திரும்பி வருகிறான் என்று பாருங்கள். மூன்றாவது எட்டிலும் பின்னால் இருந்தால் அந்த ஆட்டம் நாலுக்கு ஐந்து. பந்து எதிர்ப்பக்கம் இருக்கும்போது இன்னும் கவனியுங்கள்: ஸ்க்ரீன் போட்டுவிட்டு வளையத்தை நோக்கி ஓடும் சென்டரை ஒரு கை வைத்துத் தடுத்துவிட்டு மீண்டும் மூலைக்கு ஓடுகிறானா, பந்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறானா? சிரக்யூஸ் பல்கலைக்கழகம் போல ஆண்டுக்கணக்கில் இரண்டு-மூன்று ஜோன் (ஆளைக் காக்காமல், முன்னால் இருவர் பின்னால் மூவராக இடத்தைக் காக்கும் முறை) ஆடிய அணியின் பையன் என்றால் இந்தக் கேள்விக்கு அவன் கல்லூரி ஆட்டங்களில் பதிலே இருக்காது. மைக்கேல் கார்ட்டர்-வில்லியம்ஸ் அங்கிருந்து 2013-இல் 11-ஆவதாகப் போனவர்.

வயது, உயரம் பற்றி நிறையவே எழுதப்படுகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். இருபத்திரண்டு வயதுக்காரன் பதினெட்டு வயதுக்காரனைத் தோளால் இடித்துத் தள்ளி எடுத்த புள்ளியில் பாதியைக் கழித்துவிடுங்கள். உயரத்தைவிட விரித்த கைகளின் நீளமும் எட்டும் உயரமும் முக்கியம்.

எந்த ஆட்டத்தைப் பார்ப்பது என்றும் கேட்டிருந்தீர்கள். மார்ச் மாதத் தேசியக் கோப்பைப் போட்டியில் 35 புள்ளி அடித்த ஆட்டத்தை விட்டுவிடுங்கள், அதை எல்லோரும் பார்த்துவிட்டார்கள். ஜனவரி, பிப்ரவரியில் தன் கான்ஃபரன்ஸுக்குள் (தன் கல்லூரி சேர்ந்த போட்டிக் குழுவுக்குள்) வெளியூரில் தோற்ற ஆட்டம் ஒன்றை எடுங்கள். எதிரணி ஏற்கெனவே ஒருமுறை அவனோடு ஆடி, அவன் விரும்பும் கையை மூடத் தெரிந்துகொண்ட ஆட்டமாக இருந்தால் நல்லது. முதல் பாதியை வேகமாக ஓட்டிவிட்டு, இரண்டாம் பாதியின் முதல் பத்து முறை பந்து வரும்போது மட்டும் நிதானமாகப் பாருங்கள், இடைவேளையில் எதிரணி செய்த மாற்றத்துக்கு அவன் பதில் அங்கேதான் இருக்கும். பிறகு அதே பத்தையும் திரும்ப ஓட்டி, பந்தைக் கொடுத்த பிறகு அவன் என்ன செய்கிறான் என்பதை மட்டும் கவனியுங்கள். டைரீஸ் ஹாலிபர்ட்டன் 2018-19-இல் அயோவா ஸ்டேட்டில் முதல் ஆண்டு ஆட்டத்துக்கு 6.8 புள்ளிதான் எடுத்தார். அந்த ஆட்டங்களில் பந்தைக் கொடுத்த மறுகணம் அவர் நகர்ந்திருப்பார், பந்து திரும்பி வருமுன்பே அடுத்த பாஸ் யாருக்கு என்று முடிவு செய்திருப்பார்.

அன்புடன்,
ஆசிரியர்