சரிவு நிலத்தில் வீடு: சதுர அடி விலையில் சேராத செலவுகள்

கேள்வி: கோத்தகிரி அருகே எங்களுக்கு 5 சென்ட் நிலம் இருக்கிறது. சாலையிலிருந்து கீழே சரியும் இடம். 1,000 சதுர அடியில் வீடு கட்ட நினைக்கிறோம். மேஸ்திரி சதுர அடிக்கு ஒரு விலை சொல்லியிருக்கிறார். இங்கே வீடு கட்டிய உறவினர்களோ, சொன்ன தொகைக்குள் யாருக்கும் முடிந்ததில்லை என்கிறார்கள். செலவை எங்கே பிடிப்பது?

பதில்: அந்த விலையில் எதெல்லாம் சேரவில்லை என்று முதலில் மேஸ்திரியிடம் கேளுங்கள். சதுர அடி விலை சமவெளிக் கணக்கு. அஸ்திவாரத்தில் தொடங்கிப் பெயிண்டில் முடிந்துவிடும். மலையில் அதற்கு வெளியே மூன்று பெரிய செலவுகள் நிற்கின்றன: மண் வெட்டு, தடுப்புச்சுவர், சுமைகூலி. பட்ஜெட் உடைவது பெரும்பாலும் இவற்றில்தான். டைல்ஸிலும் குழாயிலும் பேரம் பேசி மிச்சம் பிடிப்பது இவற்றுக்கு முன் சில்லறை.

மண்ணிலிருந்து தொடங்குவோம். உங்கள் நிலம் 5 அடிக்கு 1 அடி இறங்குவதாக வைத்துக்கொள்ளுங்கள். 30-க்கு 30 அடி இடத்தை ஒரே மட்டமாக வெட்டினால் மேல் ஓரத்தில் 6 அடி ஆழம் வரும். மண் 2,700 கன அடி, அதாவது 27 யூனிட். வெட்டிய மண் உப்பும், கால் பங்கு கூடும். அதைக் கொட்ட இடம் வேண்டும். கீழே இருக்கும் தேயிலைத் தோட்டத்திலோ ஓடையிலோ தள்ளக் கூடாது. அதே வீட்டை 15 அடி அகலத்தில் இரண்டு மட்டமாக, நடுவில் 3 அடி வித்தியாசத்தில் அமைத்தால் 1,350 கன அடிதான், சரிபாதி. உள்ளே 6 படி வரும். பெரியவர்கள் இருந்தால் அவர்களின் படுக்கையறையும் குளியலறையும் ஒரே மட்டத்தில் இருக்கட்டும். நடுச்சுவரின் மண் பக்கத்துக்கு ஈரத்தடுப்புப் பூச்சை விட்டுவிடாதீர்கள்.

வெட்டிய மண்ணைக் கீழ்ப்பக்கம் நிரப்பி, அதன்மேல் பாதி வீட்டை உட்கார வைப்பார்கள். மலிவாகத் தெரியும். ஆனால் வெட்டிய தரை கெட்டி, கொட்டிய மண் அமுங்கும். மழைக்காலம் வந்து போனதும் இரண்டும் சேரும் இடத்தில் சுவரில் சாய்வாக விரிசல் ஓடும். கீழ்ப்பக்கத்து அஸ்திவாரம் கொட்டிய மண்ணைத் தாண்டிப் பழைய தரையில் ஊன்ற வேண்டும். அதற்கு எத்தனை அடி ஆழம் என்பதையும் இப்போதே எஸ்டிமேட்டில் எழுதச் சொல்லுங்கள். நீலகிரியில் பொக்லைன் போன்ற இயந்திரம் இறக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி தேவை. அது கைக்கு வரும் முன் ஆட்களை வரவழைத்தால் சும்மா உட்கார வைத்துக் கூலி கொடுக்க நேரும்.

தடுப்புச்சுவரின் செலவு உயரத்தோடு நேராக ஏறாது. உயரம் இரட்டித்தால் கல் ஏறத்தாழ மூன்றரை மடங்காகும். 10 அடி உயரக் கருங்கல் சுவருக்கு அடிப்பக்க அகலம் சுமார் ஐந்தரை அடி, மேலே 2 அடி. நீளத்தில் ஒவ்வொரு அடிக்கும் முப்பத்தேழரை கன அடி கல்வேலை. அதற்குப் பதிலாகப் படிபோல் 5 அடிச் சுவர் இரண்டு கட்டினால் மொத்தம் 21 கன அடிதான். ஆனால் மேல் சுவரின் பாரம் கீழ்ச் சுவரைத் தள்ளாதிருக்க இரண்டுக்கும் நடுவே 10 அடி விட வேண்டும். 5 சென்டில் அந்த இடம் கிடைப்பது கடினம். அதனால்தான் வெட்டையே குறையுங்கள் என்கிறோம். சுவருக்கு மேலே சாலையின் பாரமும் இருப்பதால், உயரத்தையும் அகலத்தையும் பொறியாளர் வரைந்து தரட்டும். அந்தக் கட்டணத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்.

சுவரைச் சாய்ப்பது பெரும்பாலும் மண் அல்ல, பின்னால் தேங்கும் தண்ணீர். 5 அடிக்கு ஒன்றாக, மாற்றி மாற்றி, 3 அங்குலக் குழாய்களை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து வையுங்கள். சுவருக்குப் பின்னால் 1 அடி அகலத்துக்கு உடைகல் மட்டும்; வெட்டிய மண்ணை அங்கே தள்ளி மூடினால் குழாய் அடைத்துக்கொள்ளும். சுவருக்கு மேலே ஒரு சிமெண்ட் வாய்க்கால் மழைநீரைப் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். 2009 நவம்பரில் மண் சரிந்து உயிர்கள் போன மலை இது; இந்தக் குழாய்களில் மிச்சம் பிடிப்பதை எங்களால் ஒப்புக்கொள்ள முடியாது.

அடுத்தது சுமை. 1,000 சதுர அடிக்குத் தோராயமாக 400 மூட்டை சிமெண்ட், 18 யூனிட் எம்-சாண்ட், 13 அல்லது 14 யூனிட் ஜல்லி, 4 டன் கம்பி ஆகும். மணலும் ஜல்லியுமே ஏறத்தாழ 140 டன். அத்தனையும் மலைப்பாதை ஏறி வந்து, சாலையிலிருந்து தலைச்சுமையாக இறங்க வேண்டும். லாரி எங்கே நிற்கும், அங்கிருந்து எத்தனை அடி, யூனிட்டுக்கு என்ன கூலி, மூட்டைக்கு என்ன கூலி என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் எழுத்தில் இருக்கட்டும். பெரிய லாரி வளைவில் திரும்பாது என்றால் சின்ன வண்டிக்கு மாற்றி ஏற்ற வேண்டும். ஏற்றுகூலி இரண்டு தடவை. உங்கள் நிலம் சாலைக்குக் கீழே இருப்பது ஒரு வசதி: தகரத்தில் சறுக்குப் பாதை அமைத்தால் மணலும் ஜல்லியும் தானாக இறங்கும். கலந்த கான்கிரீட்டை மட்டும் அதில் விடாதீர்கள், ஜல்லி பிரிந்துவிடும்.

சுவருக்கு ஏஏசி பிளாக் (காற்றுக் குமிழ்கள் நிறைந்த லேசான கான்கிரீட் கல்) யோசிக்கலாம். அதே அளவு செங்கல் சுவரின் எடையில் பாதிக்கும் குறைவு, அதனால் சுமைகூலியும் குறையும். ஆனால் ஈரம் உறிஞ்சும். சாரல் அடிக்கும் பக்கத்தில் வெளிப்பூச்சு தரமாக இருக்க வேண்டும். சிமெண்டை மூன்று நான்கு வாரத் தேவைக்கு மேல் வாங்காதீர்கள்; மூடுபனியில் மூட்டை கட்டிபட்டுவிடும்.

கோத்தகிரிப் பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் வலுவானது. ஜனவரியில் மண் வேலை தொடங்கினால் செப்டம்பருக்குள் கூரை ஏற்றலாம். கூடலூர்ப் பக்கம் என்றால் தென்மேற்குப் பருவமழைதான் வலு, அங்கே மே மாதமே கெடு. கூரையை முதலிலேயே முடிவு செய்யுங்கள். தட்டையாகத் தளம் போட்டுவிட்டு, ஒழுகியதும் மேலே ஷீட் போடுவது இங்கே அடிக்கடி நடக்கிறது. ஒரே கூரைக்கு இரண்டு செலவு. குளிர்மாதத்தில் தளம் போட்டால் கான்கிரீட் மெதுவாக இறுகும். அதுவரை தளத்தைத் தாங்கும் சென்ட்ரிங் பலகை, முட்டுகளின் வாடகை கூடுதல் நாட்களுக்கு ஆகும்.

பணத்தை வேலை முடிந்த கட்டத்துக்கு ஏற்பக் கொடுங்கள், முன்கூட்டி அல்ல. மொத்தத்தில் 15 சதவீதம் கைவசம் இருக்கட்டும். மேஸ்திரிக்குத் தர வேண்டியதில் 5 சதவீதத்தை, ஒரு வடகிழக்குப் பருவமழை முடியும்வரை நிறுத்திவைப்பதாக முதலிலேயே பேசி எழுதிக்கொள்ளுங்கள். பெருமழைக்கு மறுநாள் தடுப்புச்சுவரைப் போய்ப் பாருங்கள். கல் இடுக்கெல்லாம் ஈரம் கசிந்து, குழாய்கள் மட்டும் காய்ந்திருந்தால் பின்னால் அடைத்திருக்கிறது என்று பொருள். அதைத் திறந்து சரிசெய்த பிறகு அந்தத் தொகையைக் கொடுங்கள்.